இடுப்பு நரம்புகள்: சாவித்துவார அறுவைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நம் சங்கத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"டிஸ்க் விலகிடுச்சாம், சின்ன துளை போட்டு எடுத்துடலாம்னு சொல்றாங்க. செய்யலாமா டாக்டர்?" லிஃப்டில் பார்க்கும்போது உங்களில் பலர் கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு முன், உங்கள் இடுப்புக்குள் நரம்புகள் போகும் பாதையைப் பார்ப்போம்.

தண்டுவடம் கடைசிவரை வருவதில்லை. பெரும்பாலோருக்கு முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரைவால் போலக் கற்றையாக இறங்குகின்றன. இடுப்பு முள்ளெலும்புகள் 5. எல்-1 முதல் எல்-5 வரை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரு பக்கமும் ஒரு ஜன்னல். அதே எண்ணுள்ள வேர் அதன் வழியே வெளியேறும்.

ஆனால் எல்-4க்கும் எல்-5க்கும் நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கினால், பெரும்பாலும் நசுங்குவது எல்-5 வேர்தான். எல்-4 வேர் டிஸ்குக்குச் சற்று மேலேயே வெளியேறிவிடும். எல்-5 வேரோ தன் ஜன்னலுக்குப் போகும் வழியில் அந்த டிஸ்கின் பின்னால் இறங்குகிறது. டிஸ்க் வெளிப்பக்கமாக வெகுதூரம் பிதுங்கினால்தான் எல்-4 மாட்டும்.

எல்-5 பாதித்தால் கால் கட்டைவிரலைத் தூக்கச் சிரமம். பாதத்தின் மேற்புறம் மரக்கும். எஸ்-1 என்றால் நுனிக்காலில் நிற்க முடியாது. சுண்டுவிரல் பக்கம் மரக்கும். வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் டிஸ்க் பிதுக்கம் தெரிவதுண்டு. எனவே படமும் காலும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

பக்கவாட்டிலிருந்து எண்டோஸ்கோப் செலுத்தும்போது, மருத்துவர் 'காம்பின் முக்கோணம்' என்ற இடைவெளியைத் தேடுகிறார். பர்விஸ் காம்பின் என்ற மருத்துவர் விவரித்த இடம் அது. சாய்வாக வெளியேறும் வேர் ஒரு பக்கம், கீழ் எலும்பின் மேல்விளிம்பு அடிப்பக்கம், உள்ளே இறங்கும் வேர் மறுபக்கம். இந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். குழாய் வெளியேறும் வேரை அழுத்தினால் காலில் எரிச்சலும் மரப்பும் வரலாம். அதனால்தான் பல இடங்களில் உள்ளூர் மயக்க மருந்து மட்டும் கொடுத்து, "கால் இழுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே செய்கிறார்கள்.

ஆகவே தழும்பு எத்தனை சிறியது என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வேர் நசுங்கியிருக்கிறது, என் அறிகுறியோடு அது பொருந்துகிறதா, எந்த வழியாகப் போகிறீர்கள் என்று கேளுங்கள். டிஸ்கினால் வரும் கால்வலி பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே குறையும்.

ஆனால் சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் திடீரெனத் தொங்கினாலோ காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். குதிரைவால் நரம்புகள் நசுங்கினால் தாமதம் நிரந்தர இழப்பாகலாம்.