தேடுகிறவன் காது வளரும்



'இணையத்தில் பாட்டைத் தேடி இறக்கிக்கொள்வது ரசனையை வளர்த்ததா, கெடுத்ததா?' என்பது தலைப்பு. வளர்த்தது என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா என்ன சொன்னாங்க? "கேசட் கடையிலே பட்டியல் எழுதிக் குடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கினோமே, அந்த அருமை இப்ப எங்கே?"ன்னாங்க. நடுவர் அவர்களே, காத்திருக்கிறதுதான் ரசனைன்னா, ரேஷன் கடை வரிசையிலே நிக்கிற நாமெல்லாம் மகா ரசிகர்கள்! (சிரிப்பு)

நாங்களும் காத்திருந்தவங்கதாங்க. 2000-ஆம் ஆண்டு, மதுரையிலே ஒரு பிரவுசிங் சென்டர். டெலிபோன் வயர் வழியா வர்ற இணையம். அஞ்சு நிமிஷப் பாட்டை எம்பி3 ஆகச் சுருக்கினாலும் ஏறக்குறைய 5 எம்பி. அது சொட்டுச் சொட்டா இறங்கும். 97 சதவீதம் வந்திருக்கும், கரண்டு போயிரும்! கடைக்காரர் மட்டும் கரெக்டா வருவார்: "சார், ஒரு மணி நேரம் ஆச்சு." (சிரிப்பு)

அப்படி ஒருநாள், ரை கூடர் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞரின் பெயரைத் தட்டித் தேடினேன். கூடவே இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது: அலி ஃபர்கா தூரே. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து செய்து 1994-ல் வெளிவந்த தொகுப்பு அது. கிராமி விருது பெற்றது. எனக்கோ அன்றுவரை மாலி என்றொரு நாடு இருப்பதே தெரியாது.

அந்தப் பாட்டைக் கேசட்டில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனேன். எங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கமலை இறைத்துக் கைகாய்த்த மனுஷர். திண்ணையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"யாருடா இது?"

"ஆப்பிரிக்காக்காரருப்பா."

"பாஷை ஒண்ணும் வெளங்கல. ஆனா இந்த ஆளு வெள்ளாமை பாத்தவன்டா."

நான் சிரித்துவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால், நடுவர் அவர்களே, அந்த மனிதர் நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற ஊரில் பயிர் செய்தவர்! உலகமே கொண்டாடியபோதும் தன்னை விவசாயி என்றே சொல்லிக்கொண்டவர். (கைதட்டல்)

எங்க ஊர் கேசட் கடைப் பட்டியலில் அந்தப் பெயர் எந்தக் காலத்தில் வந்திருக்கும்? கடைக்காரர் எதை வைத்திருந்தாரோ அதுதான் அன்றைக்கு நம் ரசனை. தேட ஆரம்பித்த பிறகுதான் நம் காது நம்முடையதாச்சு.

எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொன்னார்: "அது திருட்டு." அதற்கு நான் தலைகுனிகிறேன். 1999-ல் வந்த நாப்ஸ்டர் 2001-லேயே நீதிமன்றத் தீர்ப்பால் முடங்கியது. அது நியாயம்தான். நானும் அன்றைக்குக் காசு கொடுக்காமல்தான் எடுத்தேன்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் உறைத்தது. 2004-ல் அலி ஃபர்கா தூரே தன் ஊருக்கு மேயர் ஆனார். சொந்தப் பணத்தைப் போட்டுச் சாலையைச் சீர்படுத்தினார், கழிவுநீர்க் கால்வாய் வெட்டினார். 2006-ல் காலமானார். பாட்டில் சம்பாதித்தது ஊருக்குப் போயிருக்கிறது. அதில் என் காசு ஒரு பைசா கிடையாது. அவர் இறந்த பிறகுதான் அந்தத் தொகுப்பை விலை கொடுத்து வாங்கினேன்.

ஆனால், நடுவர் அவர்களே, அது என் கை செய்த குற்றம். காது செய்த குற்றம் இல்லை. 2003-லேயே அமெரிக்காவில் 99 சென்ட்டுக்கு ஒரு பாட்டை முறையாக இறக்கிக்கொள்ள வழி வந்துவிட்டது. இன்றைக்குக் கலைஞரே தன் பாட்டை நேராக நமக்கு விற்கிறார். தேடுங்கள், கேளுங்கள், பிடித்திருந்தால் காசு கொடுங்கள்!

எங்க அப்பா போய்ப் பல வருஷம் ஆச்சு. கமலையும் போச்சு. அந்தப் பாட்டைப் போட்டால் மட்டும் திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ரசனை கெட்டிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்குமா?

வளர்த்தது என்றே நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)