அடையாற்றங்கரையில் மாலைத் தேநீர்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



நம் ஊரை ஒட்டி ஓடும் அடையாறு, கடலைச் சேருமுன் ஒரு பழைய தோட்ட வீட்டைத் தொட்டுச் செல்கிறது. 1771-ல் சென்னை வந்த அரசுக் கணக்கர் ஜார்ஜ் மௌப்ரேயின் வீடு அது. இன்றைய டி.டி.கே. சாலைக்கு முன்பு அவர் பெயர்தான். 1890-ல் வீடு அடையாறு கிளப் ஆனது. இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகளைப் போலவே வெள்ளைக்காரர்களுக்கு இங்கும் புல்வெளி, மாலைத் தேநீர். பக்கத்திலேயே, 1867-ல் தொடங்கிய போட் கிளப்பில் படகு. நம்மவர் தட்டு ஏந்தலாம், உறுப்பினராக முடியாது.

இன்று நம்மைத் தடுப்பவர் யாருமில்லை. ஆனால் உட்கார இடம்? பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் கார்கள் நிற்கின்றன. வண்டிகளை எடுத்துவிட்டு நான்கு பெஞ்சு போடுவோம். மாலை நான்கு மணிக்கு வாருங்கள்; ஃபிளாஸ்கில் டீ நான் கொண்டுவருகிறேன்.