மேனி கூறும் சாட்சி



மேனியிலே சிறிது வரட்சி தோன்றினாலும், தடிப்போ சொறியோ கண்டாலும், எதனைப் பூசலாம் என்றே பெரும்பாலார் வினவுவர். மஞ்சளும் சந்தனமும், எண்ணெயும் களிம்பும், கடைகளிலே அழகிய சிமிழ்களில் விற்கப்படும் பசைகளும் உடனே நினைவுக்கு வருகின்றன. உணவிலே எது குறைந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. தோலானது உடலைப் போர்த்திருக்கும் வெறுந் துணியன்று, உயிருள்ள உறுப்பு. அதன் மேற்பரப்பு நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் உதிர, அடியிலிருந்து புதிய தோல் வளர்ந்துகொண்டே இருக்கின்றது. அவ்வளர்ச்சிக்கு வேண்டிய பொருள்களை இரத்தம் கொண்டுவந்து கொடுக்கின்றது. இரத்தத்திற்கு அவற்றை வழங்குவது உணவேயாகும். இவ்வுண்மையை உலகம் தெளிவாக அறிவதற்கு ஒரு கொடிய நோயே ஆசானாக வந்தது.

அந்நோயின் பெயர் பெலாக்கிரா. கரடான தோல் என்பது அவ்வித்தாலியச் சொல்லின் பொருள். 1735ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டின் அஸ்தூரியாஸ் பகுதியிலே, காஸ்பர் காசால் என்னும் மருத்துவர் ஏழைக் குடியானவரிடையே இதனைக் கண்டார். அவர்களுடைய தலையான உணவு சோளம். வெயில் படும் புறங்கைகளும் பாதங்களும் முதலிற் சிவந்து, பின்னர் கறுத்துத் தடித்து வெடித்தன. கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற்போல ஒரு வடு படர்ந்தது. மருத்துவர் இன்றும் அதனைக் காசாலின் கழுத்தணி என்றே அழைப்பர். நோய் தோலோடு நில்லாது வயிற்றுப்போக்கைத் தரும், அறிவைக் கலக்கும், கவனியாது விட்டால் உயிரையும் கொள்ளும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் பெருகியது. 1906 முதல் 1940 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், அவருள் ஓர் இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. இது தொற்றுநோய் என்று அக்காலத்து மருத்துவர் பலர் கருதினர். ஆதலால் நோயாளரை அயலார் அஞ்சி விலக்கினர். கையிலே வடுவுடையவர், நோயின் துன்பத்தோடு ஊராரின் வெறுப்பையும் சுமக்க நேர்ந்தது.

1914ஆம் ஆண்டில் இதனை ஆராயுமாறு டாக்டர் ஜோசப் கோல்ட்பேர்கர் அரசாங்கத்தால் அனுப்பப்பட்டார். மனநோயாளர் இல்லங்களையும் அநாதை விடுதிகளையும் சுற்றிப் பார்த்த அவருடைய கண்ணுக்கு ஓர் எளிய செய்தி புலப்பட்டது. உள்ளே வாழ்வோரைப் பற்றிய நோய், அவர்களோடு நாள் முழுதும் பழகிய தாதியரையும் ஊழியரையும் பற்றவில்லை. தொற்றுநோயாயின் அவர்களை மட்டும் விட்டுவைக்குமோ? இரு சாராரின் உணவையும் அவர் ஒப்பிட்டார். நோயுற்றோர் சோளமாவையும் பாகையும் சிறிது பன்றிக் கொழுப்பையுமே உண்டு வாழ்ந்தனர். மிசிசிப்பி மாநிலத்து இரண்டு அநாதை விடுதிகளில், பால், முட்டை, இறைச்சி, அவரையினப் பருப்பு ஆகியவற்றைச் சேர்த்து உணவளிக்கச் செய்தார். நோய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அவ்வளவிலும் எதிர்ப்பு ஓயவில்லை. 1915இல் மிசிசிப்பியிலுள்ள சிறைப் பண்ணை ஒன்றிலே, விடுதலை பெறும் வாக்குறுதியின்பேரில் முன்வந்த கைதிகளுக்குச் சோளமும் மாவும் அரிசியும் பாகும் மிகுந்த உணவு கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் 11 பேருள் 6 பேருக்கு நோய் தோன்றியது. மறு ஆண்டிலே, தொற்று என்னும் கொள்கையை மறுக்கும் பொருட்டு, கோல்ட்பேர்கரும் அவருடைய மனைவியாரும் நண்பர் சிலரும் நோயாளரின் இரத்தத்தைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டனர். அவர் ஒருவருக்கும் நோய் வரவில்லை. குறைபட்ட பொருள் யாதென அறியாமலே அவர் 1929இல் மறைந்தார். 1937இல் கொன்ராட் எல்வஜெம் என்னும் அறிஞர் அது நிக்கோட்டினிக்கமிலம் எனக் கண்டார். நயசின் என்றும் வழங்கும் இவ்வுயிர்ச்சத்துச் சோளத்திலும் உண்டு. ஆனால் உடல் எடுத்துக்கொள்ள இயலாதவாறு கட்டுண்டு கிடக்கின்றது. மெக்சிக்கோ நாட்டு முதுகுடிமக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து உண்டமையால் அக்கட்டு அவிழ்ந்தது. நோயும் அவர்களை அணுகவில்லை. சோளத்தைக் கொண்டுசென்ற பிறர் அவ்வழக்கத்தைக் கொண்டுசெல்லாது விட்டனர்.

இலங்கைக்கும் இத்தகைய வரலாற்றில் ஓரிடம் உண்டு. கொழும்பிலே பணியாற்றிய டாக்டர் லூசியஸ் நிக்கல்ஸ், முழங்கை, முழங்கால், தொடை ஆகிய இடங்களில் முட்கள் போன்ற பருக்கள் எழுந்து, தோல் சொரசொரப்பாகும் ஒரு நிலையை ஆராய்ந்து, அதற்குத் தேரைத்தோல் எனப் பொருள்படும் பெயரை 1933இல் இட்டார். உயிர்ச்சத்து ஏ குறைவதே அதற்குக் காரணம் என அவர் கருதினார். இன்றியமையாக் கொழுப்பமிலங்களும், பீ வகை உயிர்ச்சத்துகளும் குறைவதாலும் அது வரலாம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

ஆகவே மேனி நலம் ஒரேயொரு பொருளினால் அமைவதன்று. பல பொருள்கள் சேர்ந்த உணவினால் அமைவது. அவற்றைத் தொலைதூரத்தில் தேடவேண்டியதும் இல்லை. முருங்கையிலை வறையும், பொன்னாங்காணிக் கீரையும், பூசணியும், பப்பாசியும் உயிர்ச்சத்து ஏயை ஆக்கும் பொருளைத் தருகின்றன. அதனை உடல் ஏற்பதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். கீரையோடு தேங்காய்ப்பூச் சேர்க்கும் வழக்கம் அவ்வகையில் நன்றேயாம். கச்சானும் மீனும் நயசினைத் தருவன. நெல்லிக்காயும் தேசிக்காயும் கொய்யாவும் தோலை உறுதியாக்கும் உயிர்ச்சத்து சீயை உடையன. மீனும், பயிற்றங்காயும், பலாக்கொட்டையும், முருங்கையிலையும் ஒன்றாய்க் கொதிக்கும் ஒடியற்கூழ்ப் பானையிலே இப்பாடம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. வெறுஞ்சோற்றையும் ஒரு சொதியையுமே நாள்தோறும் உண்பவருக்கு அது கிட்டாது.

தோல் நோய்கள் யாவும் உணவுக்குறைவால் வருவன அல்ல என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். சொறியும் படையும் தொற்றுவன. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாகலாம்; அது இன்று மருந்தினால் முற்றாகக் குணமாகும் நோய். இத்தகையோர் தாமதியாது மருத்துவரை நாடுதலே முறை. உயிர்ச்சத்துக் குளிகைகளை அளவின்றி விழுங்குவதும் தீது. உயிர்ச்சத்து ஏ மிகுந்தால் அதுவே நஞ்சாகும்.

இறுதியாக ஒரு செய்தி. அமெரிக்கத் தென் மாநிலங்களின் ஆலைக் கிராமங்களிலே பெலாக்கிரா வறிய குடும்பங்களையே நாடியது. அக்குடும்பங்களிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையே மிகுதியாகப் பற்றியது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மீனையும் கறியையும் இட்டு, சட்டியின் அடியில் எஞ்சியதைச் சோற்றிற் பிசைந்து உண்டு எழும் தாய்மார் இந்நாட்டிலும் பலர். வீட்டிலுள்ளோர் இன்றிரவு உண்ண அமரும்போது அவளுடைய கோப்பையையும் ஒருமுறை நோக்குவாராக. அங்கே கீரையும் மீனும் இல்லையாயின், அவளுடைய கையும் முகமும் ஒருநாள் அதற்குச் சாட்சி கூறும்.