மாமனாக வந்தவர்



பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே, கூடற் காண்டத்தில், 39ஆவதாக வருவது ‘மாமனாக வந்து வழக்குரைத்த படலம்’. மதுரையிலே தனபதி என்றொரு வணிகர். பிள்ளைப் பேறு இல்லை. தங்கை மகனையே தம் மகனாக எடுத்து வளர்த்தார். ஒருநாள் வாய்ச்சண்டையிலே தங்கை அவருடைய பிள்ளையில்லாக் குறையைச் சொல்லிக் காட்டிவிட்டாள். மனம் நொந்தவர், பொருள் முழுவதையும் மருமகனுக்கே வைத்துவிட்டு மனைவியோடு தவத்திற்குப் போய்விட்டார். தாயத்தார் சும்மா இருப்பார்களா? சிறுவனின் பொருளைப் பறித்துக்கொண்டார்கள். தாய் சோமசுந்தரர் சந்நிதியில் விழுந்து அழுதாள். இறைவன் தனபதியின் வடிவிலே வந்து, சபையேறி வழக்காடி, பொருளை மீட்டுக் கொடுத்தார்.

இந்தக் கதையை வகுப்பிலே சொன்னபோது, பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சாமி வரலன்னா அந்தப் பையனுக்கு என்னா ஆயிருக்கும், சேர்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் தோட்டத்து லயத்தில் பாட்டியிடம் வளர்பவள். தகப்பன் இறந்தபின் பாட்டி கைக்கு வந்த பணத்தை, “பிள்ளைக்காக நான் வைத்திருக்கிறேன்” என்று ஓர் உறவினர் வாங்கிப் போனார். கணக்கு இன்றுவரை வரவில்லை.

அவள் கேட்ட கேள்வியைச் சட்டம் செய்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். பராயமடையாதவரின் பொருளைத் தாய்வழி உறவினரிடமோ ஊர் முதியோரிடமோ வைக்க வேண்டும் என்கிறது அர்த்தசாத்திரம். வைத்தால் மட்டும் போதாது, அதைப் பெருக்கவும் வேண்டுமாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் ஏறியது. தாயும் தகப்பனும் இறந்தால் இருபக்கத்து உறவினரும் கூடிப் பேசி, பிள்ளையை வளர்க்க ஒருவரைத் தெரிய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

ஆனால் தேசவழமை மலைநாட்டுத் தமிழரைக் கட்டுப்படுத்தாது. நமக்குப் பொதுச் சட்டந்தான். அதாவது உரோமன் ஒல்லாந்துச் சட்டமும் அதன்மேல் ஆங்கிலேயர் வைத்துக் கட்டியவையும். அதன்படி பாதுகாவலர் பொருளுக்குச் சொந்தக்காரர் அல்லர், கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். நீதிமன்ற அனுமதியின்றிப் பிள்ளையின் காணியை விற்க முடியாது. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, இத்தகைய காவலரை நியமிக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. அதே ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கென்றே வந்தது. அது பேசியதோ மாதச் சம்பளத்தைப் பற்றி! ஒரே ஆண்டு, இரண்டு சட்டம். சொத்துள்ள பிள்ளைக்குக் காவலர். நம் பிள்ளைக்குத் தகப்பன் பட்ட கங்காணிக் கடன். லயக் காம்பிராவும் தோட்டத்துக்குச் சொந்தம். காவல் காக்க என்ன இருந்தது?

பின்னர் சிறிது சிறிதாக ஏதோ வந்தது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையில் இறந்தவருக்கான நட்டஈடு ஆணையாளரிடமே கட்டப்பட வேண்டும். அவரே அதைப் பங்கிடுவார். சிறு பிள்ளையின் பங்கை முதலீடு செய்து வைக்கவும் அவரால் முடியும். 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியும், சிலருக்கு உறுதியும் வந்திருக்கின்றன. ஆகவே தாயத்தாருக்கும் இப்போது வேலை வந்துவிட்டது!

புராணத்தில் நான் மிகவும் மெச்சுகிற இடம் ஒன்றுண்டு. “இவர் தனபதி அல்லர்” என்று தாயத்தார் மறுக்கிறார்கள். இறைவன் அற்புதம் எதுவும் காட்டவில்லை. குடிவழியைச் சொல்கிறார், அவரவர் முன்னோர் பெயரைச் சொல்கிறார். சபை நம்புகிறது. அதாவது, பெயரும் முறையுமே அங்கே சாட்சி. நமது தோட்டங்களிலே வழக்குத் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. இராமாயி ஓரிடத்தில் ராமாய், வேறோர் இடத்தில் ரமாயி. எழுதியவருக்கு அது ஓர் எழுத்து; பிள்ளைக்கோ அது தகப்பன் யார் என்ற கேள்வி.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, தகப்பனின் சேமலாப நிதி இலக்கம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய சம்பளத் துண்டுகள் இருக்கின்றன என்றாள். கொண்டு வரச் சொன்னேன். மூன்று துண்டுகள் கொண்டு வந்தாள். இரண்டில் இலக்கம் தெளிவாக இருந்தது. தகப்பன் பெயரும் அவளுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ளபடியே இருந்தது. பராயமடையும் வயதை 21இலிருந்து 18 ஆக்கியது 1989ஆம் ஆண்டின் சட்டம். அவளுக்கு இப்போது வயது 16. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, பாட்டியே நீதிமன்றத்தை நாடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் ஹற்றனில் ஒரு சட்டத்தரணியிடம் போகிறோம். பாட்டியும் வருகிறார்.