தகவலைச் சேர்ப்பதும் தொடுப்பதும்



இன்று நம் பிள்ளைகளுக்குத் தகவல் பஞ்சமில்லை. ஒரு சொல்லைத் தட்டினால் நூறு பக்கங்கள் வந்து நிற்கின்றன. ஆயினும் ஆய்வேடு எழுத அமர்ந்தால் முதல் வரி வருவதில்லை. சேர்த்தவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையன என்று நாம் எண்ணிப் பாராததே காரணம்.

அவ்வாறு எண்ணுவதற்குத் துணை நிற்பதே 'மைண்ட் மேப்' எனும் கருத்து வரைபடம். நடுவில் தலைப்பை எழுதி, அதிலிருந்து கிளைகளையும் சிறு கிளைகளையும் வரைந்து செல்லும் முறை இது. இங்கிலாந்தின் டோனி புஸான் 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் வாயிலாக இதனைப் பரப்பினார். எனினும் அறிவை மரமாக வகுப்பது நமக்குப் புதிதன்று. மதரஸாக்களில் தர்க்கக் கலைக்கு ஓதப்படும் 'ஈஸாகூஜி', மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் போர்ஃபிரியின் நூற்பெயரையே தாங்கியுள்ளது. பொருள், உடல், உயிருள்ள உடல், விலங்கு, மனிதன் என அவர் வகுத்த வரிசையைப் பின்வந்தோர் மரமாகவே வரைந்தனர்.

இதற்கெனக் கணினியில் ஃபிரீமைண்ட், ஃபிரீபிளேன் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தாளில் வரைந்த கிளையை இடம் மாற்ற இயலாது. கணினியிலோ இழுத்து வேறிடத்தில் வைக்கலாம். வேண்டாதபோது மடித்து வைக்கலாம். குறிப்பையும் கோப்பையும் கிளையோடு இணைக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். அரபுத்தமிழை ஆய்வு செய்யும் மாணவர் எழுத்துமுறை, நூல்கள், ஆசிரியர்கள், ஊர்கள் என நான்கு கிளைகளை வரைகிறார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களை எக்கிளையில் வைப்பது? ஆசிரியர்களில் வைத்தாலும், நூல்களோடும் ஊர்களோடும் அவருக்குத் தொடர்புண்டு. மரத்தில் ஒன்றுக்கு ஓரிடமே உண்டு. ஆகவே கிளை விட்டுக் கிளைக்கு அம்புக்குறி இடும் வசதியை இம்மென்பொருள்கள் தருகின்றன. அந்த அம்பை இடும்போதுதான், 'இவ்வூரில் இந்நூல் ஏன் தோன்றியது?' எனும் கேள்வி எழுகிறது. ஆய்வு தொடங்குவது அங்கேதான்.

ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வண்ணக் கிளைகள் நிறைந்துவிட்டதாலேயே ஆய்வு முடிந்துவிடாது. ஒவ்வொரு கோட்டையும் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல வரவில்லையெனில் அத்தொடர்பு நமக்கு இன்னும் விளங்கவில்லை என்றே பொருள். ஒவ்வொரு செய்தியின் கீழும் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் அப்போதே குறித்துவிட வேண்டும். ஆதாரமின்றி வெறுமையாய் நிற்கும் கிளையை அழித்துவிடலாகாது. அடுத்துத் தேட வேண்டியது யாதென அதுவே காட்டுகிறது. இறுதியாகக் கிளைகளை வரிசைப்படுத்தினால் இயல்களின் அமைப்பு தெளிவாகிவிடும்.

கணினி கிளைகளைக் காத்துத் தரும். அவற்றுக்கிடையே உள்ள உறவைக் காண வேண்டியது நம் சிந்தனையே. பெற்றோர்களே! 'எவ்வளவு சேர்த்தாய்?' என்று மட்டும் பிள்ளைகளிடம் கேளாதீர்கள். 'எதனை எதனோடு, ஏன் தொடுத்தாய்?' என்றும் கேளுங்கள்.