மரியாதையும் மருந்தே

(சிறுசேரியில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனையின் சார்பில் ஆற்றிய உரை)



ஒரு வாரம் முழுவதும் உழைத்த களைப்பையும் பாராமல் குடும்பமாக வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இப்படிப்பட்ட கூடுகையில், கட்டில்கள் எத்தனை, கருவிகள் எவை, அவசரத் தேவை என்ன என்று சொல்லுவோம். அவையெல்லாம் கையில் உள்ள அறிக்கையில் இருக்கின்றன. இன்று பணம் கொடுத்து வாங்க முடியாத ஒரு மருந்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். அது மரியாதையான பேச்சு.

இதை ஒரு நல்லொழுக்கப் பாடமாக நாங்கள் சொல்லவில்லை. சிகிச்சையின் ஒரு பகுதியாகவே சொல்லுகிறோம். அதற்குச் சாட்சி நமக்கு அருகிலேயே இருக்கிறது.

இங்கிருந்து திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனால் திருமணி என்னும் ஊர் வரும். அங்கே 1924ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பெயரால் ஒரு தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷன் அதை நடத்திவந்தது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டு, பயிற்சியும் ஆராய்ச்சியும் நடக்கும் நிறுவனமாக்கியது.

1947இல் டாக்டர் பால் பிராண்ட் அந்த இல்லத்தைப் பார்க்க வந்தார். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரி தம்பதியரின் மகன் அவர். அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை நிபுணர். தொழுநோய் நிபுணரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப்போய்க் காண்பித்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையில் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தும்படி கேட்டுக்கொண்டார். பலமே இருக்காது என்று எண்ணியிருந்த கை, அவர் வலியால் துடிக்கும் அளவுக்கு இறுகியது. அந்தக் கையில் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை, சில நல்ல பலத்தோடு இருக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. பலமுள்ள தசையின் நாணை இடம் மாற்றி, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யவைக்கும் அறுவை சிகிச்சை அதற்குப்பின் வேலூரில் வளர்ந்தது. மடங்கிக் கிடந்த கைகள் சோற்றைப் பிசைந்து உண்டன. கருவிகளைப் பிடித்து வேலை செய்தன.

பிரியமானவர்களே, அன்று அவர் நான்கடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு மனிதனின் கையைப் பிடிப்பது மரியாதை. அந்த மரியாதைக்குள்தான் மருத்துவ அறிவும் ஒளிந்திருந்தது.

கையைப் போலத்தான் வார்த்தையும். அருகில் அழைக்கும் வார்த்தை உண்டு. தள்ளி நிறுத்தும் வார்த்தையும் உண்டு. நம் ஊர்களில் "குஷ்டரோகி" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் அவருடைய பெயர், தொழில், குடும்பம், விசுவாசம் எல்லாம் புதைந்துபோயின. ஆங்கிலத்தில் இருந்த அதே விதமான சொல்லைக் கைவிட வேண்டும் என்று 1948இல் ஹவானாவில் கூடிய சர்வதேச தொழுநோய் மாநாடு தீர்மானித்தது. ஆனாலும் அந்தச் சொல்லையே தலைப்பில் சுமந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க இடம் தந்த சட்டப் பிரிவுகள் 2019இல்தான் போயின. சட்டம் மாற இத்தனை ஆண்டுகள் ஆயின. நம் நாவு மாறுவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

இன்று தொழுநோய் முழுவதும் குணமாகக் கூடிய நோய். உணர்ச்சியற்ற தேமல் தெரிந்த உடனே வந்தால் கையும் காலும் கெடாமல் காப்பாற்றலாம். கூட்டு மருந்தைச் சிலர் 6 மாதமும் சிலர் 12 மாதமும் உட்கொள்ள வேண்டும். அரசு இதை இலவசமாகவே தருகிறது. அப்படியிருக்க, ஏன் சிலர் தாமதமாக வருகிறார்கள்? ஏன் சிலர் நடுவில் நின்றுவிடுகிறார்கள்? காரணங்கள் பல உண்டு: கூலி போய்விடும், பஸ் கிடைக்காது, மருந்தால் உடம்பின் நிறம் கறுக்கும். ஆனால் வெட்கமும் ஒரு பெரிய காரணம். 12 மாத மருந்து என்றால் ஒருவர் 12 முறை நம் ஜன்னலுக்கு முன் வந்து நிற்கிறார். 11 முறை நல்லபடியாகப் பேசிவிட்டு, ஒரே ஒரு முறை பத்துப் பேர் கேட்க அவருடைய நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அந்த மனிதர் மறுபடியும் வரமாட்டார். காசநோய்க்கும் இதுவே பொருந்தும். மருந்து அலமாரியில் இருக்கும். நோயாளி வீட்டில் இருப்பார்.

நம் தமிழில் "வா" என்றும் சொல்லலாம், "வாங்க" என்றும் சொல்லலாம். யாருக்கு எதைச் சொல்லுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். காரில் வந்து இறங்கும் இளைஞருக்கு "வாங்க சார்". சாயம் போன புடவையோடு வரும் அறுபது வயதுத் தாயாருக்கு "ஏம்மா, அங்க போய் உக்காரு". இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களில், எந்தத் தெருவில் பிறந்தவர் என்று பார்த்தே "வா, போ" என்று பெரியவர்களைச் சிறுபிள்ளைகள்கூட அழைத்த வழக்கம் வெகுகாலம் இருந்தது; இன்னும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. அப்படி வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகிய காதில் விழும் ஒரு "வாங்க, உட்காருங்க", "இங்கே நீங்களும் மனிதர்" என்று சொல்லுகிறது. வலியை மறைக்காமல் சொல்ல அவருக்குத் தைரியம் வருகிறது.

கட்டட வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வரும் சகோதரர்களும் இந்தச் சாலை நெடுகிலும் இருக்கிறார்கள். இந்தியில் நம்முடைய "நீங்கள்" போல "ஆப்" என்று ஒரு சொல் உண்டு. அந்த ஒரு சொல்லையாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று நம் ஊழியர்களிடம் சொல்லுகிறோம்.

ஆண்டவர் எப்படி நடந்துகொண்டார்? குஷ்டரோகி ஒருவன் அவரிடத்தில் வந்தபோது, அவர் முதலில் கையை நீட்டி அவனைத் தொட்டார். சுகம் அதற்குப் பின் வந்தது. பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் பாடுபட்ட பெண், கூட்டத்தில் ஒளிந்து வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். அவள் அப்போதே சுகமானாள். ஆனாலும் அவர் அவளைச் சும்மா போகவிடவில்லை. எல்லார் முன்பாகவும் அவளை மகள் என்று அழைத்தார். சரீரத்துக்குச் சுகம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை அவளை மறுபடியும் ஜனத்தோடு சேர்த்தது. நம் திருவள்ளுவரும் இனியவை கூறல் என்னும் அதிகாரத்தை விருந்தோம்பலுக்கும் செய்ந்நன்றி அறிதலுக்கும் நடுவில் வைத்திருக்கிறார். நோயாளியும் நம் வாசலுக்கு வந்த விருந்தாளிதானே!

"கூட்டம் அதிகம், இனிமையாகப் பேச நேரம் ஏது?" என்று சிலர் கேட்கிறார்கள். "வா" என்பதற்கும் "வாங்க" என்பதற்கும் இடையே அரை நொடி வித்தியாசம்கூட இல்லை. மேலும், மரியாதை என்பது முகஸ்துதி அல்ல. பொய் ஆறுதலும் அல்ல. புற்றுநோய் என்றால் புற்றுநோய் என்றுதான் சொல்ல வேண்டும். வராந்தாவில் நின்றபடி சொல்லாமல், நாற்காலி போட்டு உட்காரவைத்து, உறவினர் ஒருவரையும் அழைத்துச் சொல்லுவதே மரியாதை.

அருமையானவர்களே, உங்களிடத்தில் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறோம்.

முதலாவது, எங்கள் இதழில் புண்களின் படமும் மடங்கிய விரல்களின் படமும் ஏன் வருவதில்லை என்று அன்போடு சிலர் கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் இரக்கம் பெருகும், காணிக்கையும் பெருகும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் உங்கள் தாயாரின் புண்ணை அச்சிட்டு ஊரெல்லாம் அனுப்ப உங்களுக்கு மனம் வருமா? அவர்களும் யாரோ ஒருவருடைய தாயார். படம் இல்லாமலே கொடுங்கள் என்று கேட்கிறோம்.

இரண்டாவது, மருத்துவமனையைப் பார்க்க வரும்போது, எங்களிடம் அவர்களைப் பற்றிக் கேட்பதைவிட, அவர்களிடமே பேசுங்கள். "ஐயா, எந்த ஊர்?" என்று கேட்டு, அருகில் உட்காருங்கள்.

மூன்றாவது, இதை உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் தொடங்குங்கள். இந்தச் சிறுசேரியில் உயர்ந்த கட்டடங்களின் வாசலில் நிற்கும் காவலாளியும், அதிகாலையில் தரை துடைக்கும் சகோதரியும், உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவும் நாளைக்கு எங்கள் வெளிநோயாளிகள் வரிசையில் நிற்பவர்கள்தான். அவர்களுக்கென்று தனி டம்ளர் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அவர்களைப் பெயர் சொல்லி, அண்ணா என்றோ அக்கா என்றோ அழையுங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளைகளில் யாராவது நாளைக்கு டாக்டராகவோ நர்ஸாகவோ எங்கள் ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்காரக்கூடும்.

உங்கள் காணிக்கைகளால் மருந்து வாங்குகிறோம். அந்த மருந்தை வாங்கிக்கொள்ள ஒரு ஏழை தலைநிமிர்ந்து உள்ளே வரவேண்டும். அதற்காக எங்கள் நாவுகளைக் கர்த்தர் காக்கும்படி தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். அவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.