மஞ்சள் கடுதாசியும் மார்க்கக் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

  

வணிகம் நொடிந்து, கடனில் மூழ்கிய சகோதரர்கள் சிலர் அண்மைக் காலமாக மார்க்க விளக்கம் கேட்டு வருகின்றனர். "ஹள்ரத், ஐ.பி. கொடுத்துவிடலாமா? மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. அதையொட்டி எழும் மற்றக் கேள்விகளுக்கும் சட்டமும் ஷரீஅத்தும் கூறும் விடைகளைச் சுருக்கமாக உங்கள் முன் வைக்கின்றேன்.

ஐ.பி. என்பது யாது? மக்கள் 'மஞ்சள் கடுதாசி' என்றழைக்கும் நொடிப்பு மனுவே அது. சென்னை மாநகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனைய ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் பொருந்தும். 2016இல் புதிய நொடிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், தனிமனிதர்களைப் பற்றிய அதன் பகுதி, நிறுவனங்களின் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே சிறு வணிகர் இன்னும் பழைய சட்டத்தையே நாட வேண்டும். சென்னையில் உயர்நீதிமன்றமும், வெளியூர்களில் பெரும்பாலும் சார்பு நீதிமன்றமும் இம்மனுவை விசாரிக்கின்றன.

மனுவில் தம் கடன்கள், சொத்துகள் அனைத்தையும் ஒளிவின்றிக் காட்ட வேண்டும். நீதிமன்றம் அவரை நொடித்தவர் என அறிவித்தால், சொத்துகள் ரிசீவரின் பொறுப்பில் சென்று, விற்கப்பட்டு, கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கிடப்படும். உடுதுணி, பாய் படுக்கை, சமையல் பாத்திரம், கைத்தொழிற் கருவிகள் ஆகியன ஜப்தியிலிருந்து விலக்குப் பெற்றவை. அடமானம் வைத்த வீட்டின்மீது அடமானம் பிடித்தவருக்குள்ள உரிமையோ அப்படியே நிற்கும்.

இம்முறைக்கு மார்க்கத்தில் முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் வாங்கிய கனிகளுக்குச் சேதம் ஏற்பட்டுப் பெருங்கடனாளியானார். அவருக்குத் தர்மம் செய்யும்படி நபியவர்கள் மக்களைப் பணித்தார்கள். திரண்ட தொகை போதவில்லை. கிடைத்ததைப் பெற்றுக்கொள்ளுமாறும், அதற்கு மேல் அப்போது உரிமையில்லை என்றும் கடன் கொடுத்தவர்களுக்கு அறிவித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற செய்தியாகும்.

மனு கொடுத்தவுடன் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. நீதிமன்றம் பின்னர் அளிக்கும் விடுவிப்பு உத்தரவே சட்டப்படி விடுதலை தரும். கணக்குப் புத்தகம் வைக்காதவர், திரும்பக் கொடுக்க வழியில்லை எனத் தெரிந்தே கடன் வாங்கியவர், சூதில் அழித்தவர் ஆகியோருக்கு முழு விடுவிப்பு மறுக்கப்படலாம். அரசுக்குச் செலுத்த வேண்டியதும் மோசடியால் பட்ட கடனும் விடுவிப்புக்குப் பின்னரும் தொடரும். ஷரீஅத்தில் பெரும்பாலான இமாம்களின் கருத்துப்படி, எஞ்சிய கடன் அவருடைய பொறுப்பிலேயே இருக்கும். வசதி வரும் நாளில் அதை அடைக்க வேண்டும்.

"வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு மனு கொடுக்கலாமா?" எனக் கேட்பவர்கள் உண்டு. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் உரிய விலை பெறாமல் மாற்றிய சொத்தை நீதிமன்றம் ரத்துச் செய்ய இயலும். முந்தைய 3 மாதங்களுக்குள் மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததும் செல்லாது. சொத்தையோ கணக்கையோ மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழியின் கருத்தாகும். அவ்வாறிருக்க, ஒளித்து வைத்துவிட்டு இல்லை என்பது எத்தகைய பாவம்!

மனைவியின் நகை என்னவாகும்? அவருக்கே உரிமையான நகை கணவரின் சொத்தாகாது. இதுவரை கொடுக்கப்படாத மஹரும் கணவர்மீதுள்ள கடனே. மனைவியும் கடன் கொடுத்தவர்களுள் ஒருவராக அதைக் கோரலாம். ஆனால் மஹரைச் சாக்காக்கி மனுவுக்கு முன் அவசரமாக எழுதிய பத்திரத்தை நீதிமன்றம் ஐயத்துடனேயே நோக்கும்.

பிணைக் கையெழுத்திட்ட மைத்துனரின் நிலை என்ன? இதுவே மிகுந்த கவலைக்குரியது. கடன்பட்டவர் விடுவிக்கப்பட்டாலும் பிணை நின்றவர் விடுபடமாட்டார். கடனோடு இறந்த ஒருவருக்கு நபியவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தத் தயங்கியபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்றார்கள், பின்னரே தொழவைத்தார்கள். பிணை என்பது அத்துணைப் பாரமான வாக்கு.

சிறைக்கு அஞ்ச வேண்டுமா? கொடுக்க வழியில்லாத நேர்மையான கடனாளியை, கொடுக்கவில்லை என்பதற்காக மட்டும் சிறையிலடைக்கலாகாது என உச்சநீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. ஆயினும் காசோலை திரும்பிய வழக்கு குற்றவியல் வழக்காகும். நொடிப்பு மனு அதைத் தானாக நிறுத்திவிடாது.

சகோதரர்களே! நொடித்தவர் இரவோடிரவாக வீட்டைப் பூட்டிச் செல்வதும், அவருடைய பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதும் மஹல்லா முழுமைக்கும் இழப்பாகும். கடன் கொடுத்தவர்களே! நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதையும், இயன்றால் தள்ளுபடி செய்வதையும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் போதிக்கின்றது. அவ்வத்தியாயத்தின் 282ஆம் வசனமோ கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கின்றது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் அடங்குவர். இதைப் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் கருத்திற்கொள்ள வேண்டுகின்றேன்.

கடன்பட்டவர்களே! முழுகுவதற்கு முன்பே ஜமாஅத்திடம் வாருங்கள். இரு தரப்பையும் அமர்த்திப் பேசித் தவணை முடிவு செய்வது நீதிமன்றப் படியேறுவதற்கு முந்தைய படி. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அவருக்குப் பயந்து மற்றொருவரிடம் வட்டிக்கு வாங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் தமிழகச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். பெண்கள் வருமான வரம்பின்றியே அதைப் பெறலாம்.

உண்மையாகவே இல்லாதவருக்கு மஞ்சள் கடுதாசி ஒரு புகலிடம், அதில் வெட்கமில்லை. இருப்பதை மறைத்தவருக்கு அது மறுமையில் சாட்சியாக நிற்கும்.

வல்ல நாயன் நம் கடன்களைத் தீர்த்து, ஹலாலான வாழ்வாதாரத்தில் பரக்கத்தை நல்குவானாக! பிறர் உரிமையோடு அவனைச் சந்திக்கும் நிலையிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.